ஆறு மணிக்கு மேல்

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை முகநூல் வேண்டாம், யூடியூப் வேண்டாம், செய்தித் தளங்கள் வேண்டாம் என்று ஒருவர் தன் உலாவிக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்கிறார். அதற்கென்றே எழுதப்பட்ட சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் என்கிறோம், தமிழில் நீட்சி. ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். முகவரியைத் தட்டினால் தளம் வராது. ‘இது தடுக்கப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கும். ஆறு மணிக்கு என்ன நடக்க வேண்டும்? நேரம் முடிந்தால் பூட்டு திறக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். யோசிக்க நிறைய இருக்கிறது. பூட்டு திறப்பதில் பல விதம் உண்டு. அந்த மனிதர் பகல் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு விதம் காப்பாற்றும், இன்னொரு விதம் ஒரே நொடியில் கொட்டிக் கவிழ்க்கும்.

இதுவரை பேச்செல்லாம் பூட்டின் வலிமையைப் பற்றித்தான். 2008இல், வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஃப்ரெட் ஸ்டட்ஸ்மன் ‘ஃப்ரீடம்’ என்ற மென்பொருளை எழுதினார். அன்றைய வடிவத்தில் அது குறித்த நேரம் வரை கணினியின் இணையத் தொடர்பையே துண்டித்துவிட்டது. நடுவில் வேண்டுமென்றால் கணினியை அணைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஸ்டீவ் லாம்பர்ட் என்ற கலைஞரின் யோசனையில் பிறந்த ‘செல்ஃப்கண்ட்ரோல்’ இன்னும் கண்டிப்பானது. மென்பொருளையே அழித்தாலும், கணினியை அணைத்துப் போட்டாலும், தடை நீங்காது. நாவலாசிரியர் ஸேடி ஸ்மித், 2012இல் வெளிவந்த ‘என்.டபிள்யூ.’ நாவலின் நன்றியுரையில் இந்த இரண்டின் பெயரையும் சேர்த்திருக்கிறார். ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் ‘லீச்பிளாக்’ நீட்சியில், தடை நடக்கும்போது அமைப்புப் பக்கத்தைத் திறக்கவே விடாமல் மூடிவைக்கும் வசதி இருக்கிறது. குரோமில் பலர் பயன்படுத்தும் ‘ஸ்டேஃபோகஸ்ட்’, தன்னிடமுள்ள கடுமையான தடைக்கு அணுகுண்டை நினைவூட்டும் பெயரை வைத்திருக்கிறது. உடைக்க முடியாமல் செய்வதில் இவ்வளவு மூளை செலவாகியிருக்கிறது. உடைப்பு எப்போதாவது நடப்பது. தடை முடிவதோ தினமும் நடக்கிறது, சொன்ன நேரத்துக்கு நடக்கிறது. அந்தக் கணத்தை யாரும் உட்கார்ந்து செதுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். பகல் பதினொன்று இருபதுக்கு, எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் ஓடாமல் நிற்கிறது. கை தானாக முகநூலைத் தட்டுகிறது. நீட்சி அந்த வேண்டுகோளைப் பிடித்து, டேப்பைத் தன்னுடைய பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. போக நினைத்த முகவரியை அது தூக்கி எறிவதில்லை. தன் பக்கத்தின் முகவரியோடு சேர்த்தோ வேறெங்காவதோ குறித்துவைத்துக்கொள்கிறது. அந்த மனிதர் அந்த டேப்பை மூடுவதில்லை. பக்கத்து டேப்புக்குப் போய் வேலையைத் தொடர்கிறார். ஒன்றரைக்கு இன்னொரு தளம், மூன்று மணிக்கு வேறொன்று. மாலைக்குள் நாலைந்து தடைப்பக்கங்கள் பின்னணியில் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு முகவரியை மடியில் கட்டிக்கொண்டு.

ஆறு மணி ஆனதும் இவை எல்லாம் தத்தம் தளங்களுக்குத் தாமாகத் திரும்பிவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தடை முடிந்த பிறகும் ‘தடுக்கப்பட்டிருக்கிறது’ என்று காட்டும் பக்கம் பொய் சொல்கிறது. பயனர் கேட்டதை நிறுத்திவைத்தது நீட்சி. நிறுத்திய காரணம் போய்விட்டால், கேட்டதைக் கேட்டவரிடம் சேர்ப்பதும் அதன் பொறுப்புதானே? நிரல் எழுதுகிறவருக்கு இது இயல்பாக வரும் சிந்தனை. முன்பிருந்த நிலைக்குத் திருப்பிவிடு, நடுவில் எதுவுமே நடக்காததுபோல ஆக்கிவிடு.

ஆனால் நடுவில் ஒன்று நடந்திருக்கிறது. அவர் வேலை செய்திருக்கிறார். பதினொன்று இருபதுக்கு எழுந்த ஆசை, நின்ற வாக்கியம் ஓடத் தொடங்கியதுமே அடங்கிப்போனது. அவர் அதை மறந்தும் போனார். ஆசைகளுக்கு ஆயுசு உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மிகக் குறைந்த ஆயுசு. கிட்டத்தட்ட ஏழு மணி நேரத்துக்கு முந்தைய கை அரிப்பு ஒன்றை இன்னும் நிலுவையில் இருக்கும் உத்தரவாக எடுத்துக்கொண்டு மாலையில் நிறைவேற்றுவது, அவரே மறந்ததை அவருக்குப் பாதகமாக ஞாபகம் வைத்திருப்பது. தடையின் பயனே அந்த மறதிதான். தளத்தை அவர் பார்க்காமல் இருந்தது சின்ன வெற்றி. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் போனது பெரிய வெற்றி. தானாகத் திரும்பும் டேப் அந்தப் பெரிய வெற்றியைத் தேடிப்பிடித்து அழிக்கிறது.

ஆறு மணிக்கு அவர் வேலையை முடித்திருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆறு மணி என்று குறித்தது காலையில், அல்லது என்றோ ஒரு நாள், ஒரு குத்துமதிப்பில். நன்றாக ஓடும் எழுத்து கடிகாரம் பார்த்து நிற்காது. கணக்குப் பார்ப்பவருக்கும் நிரல் எழுதுபவருக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். பத்தியின் நடுவில் அவர் இருக்கும்போது பின்னணியில் கிடந்த டேப்கள் உயிர் பெறுகின்றன. ஒன்றின் தலைப்பில், அடைப்புக்குறிக்குள், படிக்காத அறிவிப்புகளின் எண்ணிக்கை முளைக்கிறது. இன்னொன்றில் காணொளி ஓடத் தொடங்கிச் சத்தம் வருகிறது. ஒலியோடு தானாக ஓடும் காணொளிகளுக்குக் குரோம் 2018இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் ஒருவர் அடிக்கடி காணொளி பார்க்கும் தளமாக இருந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துகொடுக்கும். யாரும் பூட்டிவைப்பது தாம் அடிக்கடி போகும் தளங்களைத்தான். ஆகவே எந்தக் காணொளியிலிருந்து அவரைக் காக்க வேண்டுமோ, அதுதான் முதலில் வாய் திறக்கிறது.

1987இல் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனை உளவியலில் பேர்பெற்றது. மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கரடி வந்துவிட்டால் மணியடியுங்கள் என்றார்கள். கரடி வந்துகொண்டேதான் இருந்தது. பலரும் இந்தச் சோதனையை இதுவரைதான் சொல்வார்கள். நினைக்காதே என்றால் நினைப்பு வரும் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த ஐந்து நிமிடம். இப்போது தாராளமாகக் கரடியை நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். முதலில் அடக்கிவைத்திருந்தவர்கள், ஆரம்பத்திலேயே அனுமதி கிடைத்தவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். தடை நீங்கும் இடத்தில் எண்ணம் பெருகி வருகிறது. ஆய்வுக்கூடத்துக் கரடியும் ஒருவரின் முகநூல் பழக்கமும் ஒன்றாகிவிடாது. அதிலிருந்து இதற்கு விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் தடை முடியும் கணம் சாதாரணக் கணம் இல்லை, அப்போது மனம் இளகிய நிலையில் இருக்கிறது என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கருவி செய்யும் சின்னக் காரியத்துக்கும் பெரிய விளைவு உண்டு.

திறந்துவிடப்படும் அந்தத் தளங்களின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அந்தத் தளங்களுக்கு அது கிடையாது. கீழே போகப் போகப் புதிது வந்துகொண்டே இருக்கும் வடிவத்தை வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் 2006இல் உருவாக்கினார். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தியும் பேசியிருக்கிறார். தன்னிடம் முடிவே இல்லாத ஒரு பொருளுக்கு முன்னால் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துவதென்றால், நிறுத்துகிறவருக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

விரதங்களை வகுத்தவர்கள் இந்த நிதானத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். ஏகாதசி உபவாசம் இருப்பவருக்குத் துவாதசியில் பாரணை. அதற்கு நேரம் குறித்திருக்கிறது: துவாதசியின் முதல் கால் பங்கு கழிவதற்குள் சாப்பிடக் கூடாது, துவாதசி போவதற்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். இலையில் விழுவதும் வரையறுத்ததுதான். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஒரு நாள் காய்ந்த வயிற்றுக்கு முதலில் என்ன போக வேண்டும் என்று யாரோ அக்கறையோடு நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரமலான் நோன்பிலும் அப்படித்தான். சூரியன் மறைந்த பிறகு நோன்பு திறப்பதைத் தள்ளிப்போடாமல் இருப்பது சிறப்பு என்பார்கள், திறப்பதும் பேரீச்சையிலும் தண்ணீரிலும் தொடங்கி, பிறகுதான் கஞ்சிக்கு வரும். பட்டினி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதோடு நிறுத்தாமல், அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதையும் விரதத்தின் பாகமாகவே வைத்திருக்கிறார்கள்.

பாகவதத்தில் வரும் அம்பரீஷன் கதையைக் கதாகாலட்சேபங்களில் கேட்டவர்கள் இருப்பார்கள். ஓராண்டு துவாதசி விரதம் இருந்து அதை முடிக்கும் நாள். துர்வாசர் விருந்தாளியாக வருகிறார். யமுனையில் நீராடிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரக் காணோம். துவாதசி முடிய அரை முகூர்த்தமே இருக்கிறது. விருந்தாளிக்கு முன் சாப்பிட்டால் குற்றம். துவாதசிக்குள் பாரணை செய்யாவிட்டால் விரதமே பழுது. அம்பரீஷன் அந்தணர்களைக் கலந்துகொண்டு கொஞ்சம் தண்ணீர் மட்டும் அருந்துகிறான். தண்ணீர் குடித்தால் சாப்பிட்டதாகவும் ஆகும், சாப்பிடாததாகவும் ஆகும். துர்வாசர் அதற்கும் கோபித்தார், சடையைப் பிய்த்து எறிந்தார், சக்கரம் அவரைத் துரத்தியது என்று கதை நீள்கிறது. எனக்கு அந்தத் தண்ணீர் போதும். விரதம் சொன்ன நேரத்துக்கு முடிந்தாக வேண்டும். அதை முடிப்பதற்கான செயல் எவ்வளவு சிறியதாக இருக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். பூட்டு நீட்சிகளுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் பார்க்கவில்லை.

திரையில் இதை எப்படிச் செய்வது? தடைப்பக்கம் அங்கேயே இருக்கட்டும். ‘தடுக்கப்பட்டிருக்கிறது, மாலை 6 மணி வரை’ என்றிருந்த வரி ‘தடை முடிந்தது’ என்று மாறட்டும். அடியில், அன்று பகலில் கேட்ட முகவரி இணைப்பாக இருக்கட்டும். போக விரும்பினால் ஒரு சொடுக்கு. அவ்வளவு போதும். பக்கம் தானாக எங்கும் போகாது, பின்னணி டேப்கள் அசையாது, சத்தம் வராது. அந்த ஒரு சொடுக்குதான் தண்ணீர். அதைச் செய்பவர் ஆறு மணியின் மனிதர். பதினொன்று இருபதின் கை அதைச் செய்வதில்லை. அந்தச் சொடுக்கு அவருக்குச் சுமையே இல்லை, ஆனால் அது இருப்பதால் அன்றைய மாலை அவருடைய முடிவில் தொடங்குகிறது.

ஒரு சந்தர்ப்பம் கொஞ்சம் சிக்கலானது. ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அவர் தடைப்பக்கத்தின் முன்னாலேயே உட்கார்ந்து காத்திருக்கிறார். அவருடைய விருப்பம் பழையதில்லை, இந்த நிமிடத்தது. அவருக்காவது பக்கம் தானாகத் திறக்கலாமே? நான் இதை இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அவருக்கும் அந்த ஒரு சொடுக்கை விட்டுவைப்பதுதான் நல்லது என்றே படுகிறது. அவர் முன்னால் இருக்கிறாரா, திரையைத் திறந்துவைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டாரா என்பது நீட்சிக்குத் தெரியாது. தெரியாதபோது அவர் சார்பில் நடந்துகொள்ளாமல் இருப்பதே மரியாதை. காத்திருந்தவருக்கு ஒரு சொடுக்கு நஷ்டமில்லை.

காத்திருக்கவே வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது. பல தடைப்பக்கங்களில் மணி, நிமிடம், நொடி என்று குறைந்துகொண்டே வரும் எண்களைக் காட்டுகிறார்கள். ஓடும் எண் கண்ணைப் பிடித்து வைக்கும். இன்னும் நாலு நிமிடம்தானே என்று அவர் வேலைக்குப் போகாமல் அங்கேயே இருந்துவிடுவார். தடை அவருடைய நேரத்தைக் காப்பதற்குப் பதில் தானே தின்னத் தொடங்கும். எத்தனை மணிக்கு முடியும் என்பதை ஒரே வரியில் எழுதிவைத்தால் போதும். அசையாத எழுத்து. பார்த்தார், தெரிந்துகொண்டார், திரும்பிப் போனார்.

அறிவிப்புகளும் அப்படித்தான். ‘தடை முடிந்தது, முகநூல் இப்போது திறந்திருக்கிறது’ என்று திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப்பார்ப்பது தகவல்போலத் தெரியும். உண்மையில் அது அழைப்பு. மறந்திருந்தவரின் தோளைத் தட்டி நினைவூட்டும் அழைப்பு. அதே வேலையை முகநூல் செய்தால் குறைசொல்கிறோம். அதிலிருந்து காக்க வந்த கருவி செய்யலாமா? பாராட்டும் பக்கங்கள் இன்னும் வருத்தம் தருகின்றன. இன்று இவ்வளவு நேரம் மிச்சப்படுத்தினீர்கள், தொடர்ந்து இத்தனை நாள், நண்பர்களோடு பகிருங்கள் என்று வண்ணத் தாள் தூவும் பக்கம். எண்களுக்காகத் திரும்பித் திரும்பி வரவைக்கும் பழக்கத்தை விட முயன்றவருக்கு, இன்னொரு எண்ணைக் கையில் கொடுப்பது. பூட்டு தன்னைப் பற்றி நினைக்க வைக்கக் கூடாது. ஆறு மணி கடந்ததே தெரியாமல் அவர் ஏழு மணி வரை எழுதிக்கொண்டிருந்தால், நீட்சியின் வேலை மிக நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொண்டாட அவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் வைத்து உலாவியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்காக வகுக்கப்பட்ட வலைத் தரத்தில், பக்கத்தில் ஏதாவது மாறினால் அதை எப்படி அறிவிப்பது என்பதற்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன. ஒன்று, பேசிக்கொண்டிருப்பதை இடைமறித்து உடனே சொல்வது. மற்றது, கேட்பவர் ஓயும்வரை பொறுத்திருந்து சொல்வது. இந்த இரண்டாவதற்குப் பணிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தடை முடிந்த செய்தியைச் சொல்ல வேண்டிய விதம் அதுதான். பார்வையுள்ளவர்களுக்கும் அதே பணிவு வேண்டும். கருவிப்பட்டையில் இருக்கும் நீட்சியின் சின்னம் நிறம் மாறட்டும். கண் அந்தப் பக்கம் போனால் தெரியும், போகாவிட்டால் தெரிய வேண்டியதில்லை.

நேரம் என்ற விஷயமே இந்த நீட்சிகளுக்கு எளிதாக இல்லை. குரோமின் இப்போதைய அமைப்பில், நீட்சியின் பின்னணி நிரல் முப்பது வினாடி வேலையில்லாமல் இருந்தால் உலாவி அதைத் தூங்கவைத்துவிடும். ஆறு மணிக்கு அதை எழுப்ப அலாரம் வைக்க வேண்டும். மடிக்கணினியே மூடிக் கிடந்தால் அலாரமும் அடிக்காது. திறந்த பிறகுதான் அடிக்கும். மறைந்து கிடக்கும் டேப்களில் ஓடும் கடிகாரங்களையும் உலாவி மின்சாரம் மிச்சம்பிடிப்பதற்காக மெதுவாக்கிவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத பக்கம் சரியாக ஆறுக்கு மாற வேண்டும் என்று நிரலாளர் போராடத் தேவையில்லை. அதன் மேல் கண் படும்போது சரியாக இருந்தால் போதும்; டேப் முன்னுக்கு வரும் நொடியில் மணியைப் பார்த்து வரியை மாற்றினால் போதும். உலாவி கொடுக்கும் வசதியும் மனிதருக்கு வேண்டிய அமைதியும் ஒன்றாகப் பொருந்திவரும் இடம் இது.

கடிகாரமே இடம் மாறும்போது? சென்னையில் ஒன்பது முதல் ஆறு வரை என்று குறித்தவர் காலை விமானத்தில் சிங்கப்பூர் போகிறார். அங்கே மணி இரண்டரை மணி நேரம் முன்னால். கணினி உள்ளூர் நேரத்துக்கு மாறியதும் பூட்டு இரண்டரை மணி நேரம் முன்பே திறந்துவிடும். டொரன்டோவில் இருப்பவருக்கு நவம்பரின் முதல் ஞாயிறன்று அதிகாலை ஒன்றிலிருந்து இரண்டு வரையான மணி இருமுறை வரும். ஒன்றரைக்கு முடிய வேண்டிய தடை எந்த ஒன்றரைக்கு முடியும்? வேலை நேரம் என்று குறித்திருந்தால் உள்ளூர் மணியைப் பின்பற்றலாம். இப்போதிலிருந்து மூன்று மணி நேரம் என்று குறித்திருந்தால் கடிகாரம் என்ன சொன்னாலும் மூன்று மணி நேரம் ஓடியாக வேண்டும். இந்த இரண்டு வாக்குறுதிகளும் வேறுவேறு என்பதை நீட்சி தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இதையெல்லாம்விட அதிகத் தீங்கு செய்வது நள்ளிரவுதான். நேரம் குறித்துப் பூட்டுவதற்குப் பதில், ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று அளவு வைத்துக்கொள்ளும் முறை உண்டு. ஸ்டேஃபோகஸ்ட் ஆரம்பத்தில் பத்து நிமிடம் தருகிறது. அன்றைய அளவு தீர்ந்தால் தளம் மூடிக்கொள்ளும், புதிய நாள் பிறந்தால் திறக்கும். புதிய நாள் எப்போது பிறக்கிறது? கணினிக்கு இரவு பன்னிரண்டுக்கு. பதினொன்றே முக்காலுக்குப் படுக்கப் போனவருக்கு, இன்னும் கால் மணியில் புதிதாகப் பத்து நிமிடம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் தூக்கம் போயிற்று. மனித உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில், மறுத்துச் சொல்லும் திராணி குறைந்திருக்கும் நேரத்தில், பூட்டு திறக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. தூங்கி எழுந்தவருக்குத்தான் நாள் புதிது. விழித்திருப்பவருக்கு அது நேற்றின் தொடர்ச்சி. இந்தக் கணக்கை நீட்சிகள் எடுத்துக்கொள்ளலாம். நாள் தொடங்கும் மணியைப் பயனரே வைத்துக்கொள்ளும் வசதி சிலவற்றில் இருக்கிறது. எதுவும் வைக்காவிட்டால் அதிகாலை ஐந்து என்று இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அமைதியாகத் திற என்பதைத் தாமதமாகத் திற என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மணி என்று வாக்குக் கொடுத்தால் ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யலாமே, நிச்சயமாகத் திறக்க வேண்டுமா, மூச்சை இழுத்துவிட்டுப் பத்து வினாடி யோசியுங்கள் என்று குறுக்கே நிற்பதற்கு நீட்சிக்கு உரிமை கிடையாது. அவர் கேட்டு வைத்திருந்தால் வேறு. லீச்பிளாக்கில் தளம் திறக்குமுன் தாமதப்படுத்தும் பக்கம் ஒன்று உண்டு. அதை வேண்டுமென்று தேர்ந்தவருக்கு அது நல்ல துணை. கேட்காதவரிடம் அதைத் திணித்தால், காலையில் போட்ட ஒப்பந்தத்தை மாலையில் ஒருதலையாக மாற்றுவதாகும். கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (தளங்களின் விலாசப் பட்டியலில்) எழுதித் தடுக்கும் மென்பொருள்களில், நேரம் முடிந்து வரிகளை நீக்கிய பிறகும் உலாவி பழைய விலாசத்தை நினைவில் வைத்திருப்பதால் தளம் கொஞ்ச நேரம் வராமலே இருப்பதுண்டு. அவசரமாக ஒரு தகவல் வேண்டியவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் நீளமானது. ஒரு முறை அப்படி மாட்டிக்கொண்டவர் அடுத்த நாள் பூட்டே போட மாட்டார். கடுமையான பூட்டை ஒருவர் துணிந்து போட்டுக்கொள்வது, அது சொன்ன நேரத்தில் திறக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1970களின் இறுதியில், தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதத் தொடங்கினார். பிற்பாடு, 2005இல், அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது வேறு ஆய்வுக்காக. ஒரே உடம்பில் இரண்டு பேர் முறை வைத்துக் குடியிருப்பதுபோல அவர் இதைப் பார்த்தார். புகைப்பதை விட வேண்டும் என்பவர் ஒருவர், இப்போது ஒன்று வேண்டும் என்பவர் இன்னொருவர். இதில் யார் உண்மையான ஆள், வெளியிலிருப்பவர்கள் யாருக்குத் துணைபோக வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பூட்டு நடக்கும் நேரத்தில் நீட்சி காலையில் பூட்டியவருக்குத் துணை நிற்கிறது. அது சரிதான், அதற்காகத்தான் அழைக்கப்பட்டது. ஆறு மணிக்கு அந்தப் பொறுப்பு முடிகிறது. முடிந்த அடுத்த நொடியே எதிராளிக்குத் துணைபோய்த் தளத்தைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்துவதும் தவறு, காலையில் பூட்டியவரின் பேரில் அதிகாரத்தை நீட்டிக்கொள்வதும் தவறு. இரண்டு பேரும் ஒரே ஆளாகச் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். ‘தடை முடிந்தது’ என்ற அந்த அசையாத பக்கம் அப்படி ஓர் இடமாக இருக்க முடியும் என்று நம்புகிறேன்.

பெற்றோர் பிள்ளைகளுக்குப் போடும் பூட்டும், அலுவலகம் ஊழியர்களுக்குப் போடும் பூட்டும் வேறு ரகம். அங்கே பூட்டுபவர் ஒருவர், பூட்டப்படுபவர் வேறொருவர். அதில் அதிகாரம் பற்றிய கேள்விகள் முன்னால் வந்துவிடும். இங்கே சொன்னவை அப்படியே அங்கே செல்லாது.

தானாகத் திரும்புவது உண்மையாகவே தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். கையை எளிதாக அசைக்க முடியாதவருக்கு ஒரு சொடுக்கும் உழைப்புதான். அலுவலகத்தில் நாள் முழுக்க ஒரே ஒரு பக்கத்தைத் திரையில் காட்டிவைத்திருப்பவருக்கு, தடை நீங்கியதும் அது திரும்பினால்தான் வேலை நடக்கும். அவர்களுக்காக அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும், தடை முடிந்ததும் பக்கத்தைத் தானாகத் திற என்று. முன்னால் இருக்கும் டேப்பை மட்டுமா, எல்லாவற்றையுமா என்றும் கேட்கட்டும். பூட்டுப் போடும்போதே, தெளிந்த மனதோடு, அவர் அதைத் தேர்ந்துகொள்ளட்டும். நாள்கணக்கில் கிடக்கும் பழைய தடைப்பக்கங்களை நீட்சி தானே மூடிவிடலாமா என்றால், கூடாது. அதில் அவருக்கு வேண்டிய முகவரி இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மூட ஒரு பொத்தான் கொடுத்தால் போதும்.

எஞ்சுவது அந்தக் கட்டத்தில் ஆரம்பத்திலேயே குறி போட்டிருக்கிறதா இல்லையா என்பது. அமைப்புப் பக்கங்களைப் பெரும்பாலானவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. எப்படி வந்ததோ அப்படியே பயன்படுத்துகிறார்கள். ஆகவே வசதி இருக்கிறது, வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி நிரலாளர் விலகிக்கொள்ள முடியாது. ஆரம்பக் குறியை வைப்பவர், முகம் தெரியாத ஏராளமான பேரின் மாலை எப்படித் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார். இந்த நீட்சிகளில் பல, தனி ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுப்பவை; மூல நிரலைத் திறந்து வைத்திருப்பவையும் உண்டு, யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இந்தத் திருத்தம் பெரிய வேலை இல்லை. உண்மை என்று இருக்கும் ஒரு மதிப்பைப் பொய் என்று மாற்ற வேண்டும், ஒரு வரியையும் ஒரு இணைப்பையும் சேர்க்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். பராமரிப்பவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.